சந்தில் மூன்று குழிகள்

கோதண்டராமனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது செங்கம் ரோடு முழுக்கத் தெரியும். நசீர் அகமதுவுக்கும் தெரியும். தெரிந்தும் எட்டு மாதம் அவருடைய வாடகை அறையில் குனிந்து படம் வரைந்தான் என்றால் காரணம் ஒன்றுதான். அவர் எழுதும் புத்தகத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் அவன் பெயர் அச்சாகும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். பதினான்கு வருஷமாக ஊரில் பாதி வீட்டுக்கு அவன்தான் பிளான் போட்டான். கையெழுத்து மட்டும் எவனோ ஒரு இன்ஜினீயருடையது. வயிற்றெரிச்சல் இருக்காதா பின்னே?

கோதண்டராமன் கட்டடக்கலைப் பேராசிரியர். கிரேக்க நாட்டில் மூன்று வருஷம் தங்கி, ஒரு மலைக்கோயிலின் இடிபாடுகளை அளந்து வந்தவர். அந்தக் கோயிலுக்கு ஏறும் வழியெல்லாம் கருவூலங்கள். சாமிக்குத் தந்த காணிக்கையை வைக்க ஒவ்வொரு நகரத்தாரும் தங்கள் பெயர் விளங்கக் கட்டிய சின்னக் கல் வீடுகள் அவை. அவற்றில் ஒரே கட்டடம் என்று உலகமே நினைத்த ஒன்று உண்மையில் இரண்டு, நடுவே ஒரு முழச் சந்து என்பது இவருடைய கண்டுபிடிப்பு. புத்தகமே அந்தச் சந்தை நம்பித்தான் இருந்தது.

எழுபத்தெட்டு சித்திரையில், அவர் எடுத்த போட்டோக்களைப் பார்த்து அடிவரிசைக் கற்களை மையில் ஏற்றும்போது நசீர் மூன்று சின்னக் குழிகளைக் கண்டான். மதில் சுவர் வேலையில் கல்லாட்கள் இப்படிக் குழி வெட்டி, கடப்பாரையை ஊன்றி மேல்கல்லை நெம்பி இடத்தில் சேர்த்ததை அவன் பார்த்திருக்கிறான்.

“சார், இந்தக் குழிங்க நீங்க சந்துன்னு சொல்ற எடத்துல இருக்குதுங்க. சந்துல யாருங்க கல்லை நெம்புவாங்க? அங்க செவுரு ஓடியிருக்குது. ரெண்டு இல்லீங்க, ஒரே கட்டடம்.”

கோதண்டராமன் முகம் கறுத்தது. “உன்னை வரையத்தான் கூப்ட்டேன். குழியை எடுத்துடு.”

“இருக்கறதை எப்படிங்க எடுக்கறது?”

“வீட்டு பிளான் போட்டு வயித்தைக் கழுவறவன் எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டான்! எடுக்கலைன்னா உன் பேரு வராது.”

“அப்ப பேரு வேணாங்க” என்றான் நசீர். மைப்பேனாவைக் கழுவாமல் ஒருநாளும் எழுந்திருக்காதவன், அன்று அப்படியே போட்டுவிட்டு வெளியேறினான்.

பிறகு இருவரும் எதிரும் புதிரும்தான். நசீர் பிளான் போட்ட வீடு மழைக்கு நிற்காது என்று கோதண்டராமன் ஊரெல்லாம் சொன்னார். நசீர் டீக்கடையில் அவருக்கு ‘சந்து வாத்தியார்’ என்று பெயர் வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்கு வேலையும் குறைந்தது.

எண்பத்தொன்றில் தபாலில் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில், ‘சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன்’ என்று கோதண்டராமனின் கையெழுத்து. நசீர் படத்தைத் தேடிப் புரட்டினான். அவன் போட்ட கோடுகளேதான். குழிகள் மட்டும் இல்லை. சுரண்டிய இடத்தில் கல்லின் விளிம்பை வேறு கை கோணலாக இழுத்துச் சேர்த்திருந்தது. கீழே கொட்டை எழுத்தில், ‘வரைந்தவர்: நசீர் அகமது.’ நாளைக்கு எவனாவது குழி எங்கே என்று கேட்டால், வரைந்தவனைக் கேள் என்று கை காட்டிவிடலாம். பாவி, பழிவாங்கிவிட்டான்.

மனைவி சாயிரா பானு எட்டிப் பார்த்தாள். “உங்க பேருங்க! எவ்ளோ அழகா போட்டிருக்காங்க!”

நசீர் டிரேசிங் தாளில் மை சுரண்டும் பாதி பிளேடை எடுத்தான்.

“ஐயோ, பேரை ஏங்க சுரண்டறீங்க?”

“தப்பா வரைஞ்சதை அழிக்கறேன்.”

டிரேசிங் தாள் என்றால் தாங்கியிருக்கும். புத்தகத் தாள் தாங்கவில்லை, பெயர் இருந்த இடம் கிழிந்து பொத்தலானது. அச்சடித்த ஐந்நூறில் மற்ற பிரதிகளிலெல்லாம் பெயர் அப்படியே இருந்தது.