தீக்காய வார்டு திறந்த சனிக்கிழமை

மனித குல வரலாறு இனி தாயில்பட்டி விழாவுக்கு முன், விழாவுக்குப் பின் என்று இரண்டாகப் பிரியும். ஆறு வண்ண அழைப்பிதழின் முதல் வரியே இதுதான். எழுதியவர், ஊராட்சித் தலைவர் முத்துக்கிருஷ்ணன்.

திறந்துவைக்க வந்தவர் யூதித் லெவன்ஸ்டைன். நெதர்லாந்து நாடாளுமன்றத்தில் பதினாறு ஆண்டுகள் இருந்த யூதப் பெண்மணி. தையல்காரர் மகள். பதவி போனதும் அப்பா விட்டுச்சென்ற வீட்டை விற்று, ஊர் ஊராகத் தீக்காய வார்டு கட்டிக் கொடுக்கிறார். எந்தக் கல்லிலும் தன் பெயர் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அது முத்துக்கிருஷ்ணனுக்கு மிகவும் வசதி; கல் முழுக்க அவர் பெயர்.

விழா நாள் சனிக்கிழமை. யூதர்களுக்கு அன்று ஓய்வுநாள், ஞாயிறு வைத்துக்கொள்ளலாமா என்று அம்மையார் எழுதிக் கேட்டிருந்தார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்று பதில் போனது. சிவகாசியில் அச்சேறிய தேதியை யாரும் மாற்ற முடியாது.

ஆகவே முந்தின நாளே வந்து ஊரில் தங்கிய அம்மையார், ஓய்வுநாளில் வண்டி ஏறக்கூடாது என்று நடந்தே வந்தார். மாலை போட்ட திறந்த ஜீப் பின்னால் காலியாக ஊர்ந்தது. ஜனங்கள் அதையும் கும்பிட்டார்கள்.

வாசலில் குத்துவிளக்கு. அம்மையார் கையைக் கட்டிக்கொண்டார்.

"ஓய்வுநாள்ல பொழுதடையுற வரைக்கும் நெருப்பத் தொடமாட்டாக, அண்ணாச்சி" என்றாள் நர்ஸ் ஜெனிட்டா. இந்த வார்டுக்காக மூன்று வருஷம் மனு எழுதியவள் அவள். தீபாவளி சீசனுக்கு முன் அது திறந்தாக வேண்டும் என்பது அவள் கவலை.

"நெருப்பத் தொடாதவகள நம்ம ஊருக்கு எவம்லே கூப்ட்டது?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார் முத்துக்கிருஷ்ணன்.

"நீங்கதான்."

"அப்ப பொழுதடையட்டும். வார்டு எங்கன ஓடிரப் போகுது?"

அந்நேரம் ஆட்டோ வந்து நின்றது. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும்போது தீப்பிடித்து, அங்கே வேலை பார்க்கும் கருப்பம்மாளுக்கு இரண்டு கையும் வெந்திருந்தது.

"கதவத் திறங்க, அண்ணாச்சி!"

"விளக்கேத்தாம எப்படி சிஸ்டர் திறக்க? கல்வெட்டுல 'விளக்கேற்றித் திறந்துவைக்கப்பட்டது'ன்னு வெட்டியாச்சே!"

ஜெனிட்டா விஷயத்தை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கவில்லை. உயிர் என்று வந்தால் ஓய்வுநாள் விலகிக்கொள்ளும் என்றார் அம்மையார். சிவப்பு ரிப்பனை இரண்டு கையாலும் பிய்த்து எறிந்துவிட்டு, கருப்பம்மாளைத் தோளோடு அணைத்து உள்ளே நடந்தார்.

"போட்டோ விழல! இன்னொருக்கா கட்டிப் பிய்க்கச் சொல்லுங்க!" என்று முத்துக்கிருஷ்ணன் பின்னாலேயே ஓடினார்.

உள்ளே கட்டில் பளபளத்தது. தண்ணீர் ஊற்றுவதற்காக ஜெனிட்டா குழாயைத் திருகினாள். காற்று வந்தது.

"தண்ணி எங்க அண்ணாச்சி?"

"திறக்காத கட்டடத்துக்கு எப்படிம்மா கனெக்‌ஷன் குடுப்பாக? விழா முடியட்டும், மனு குடுப்போம்."

கருப்பம்மாளை அதே ஆட்டோவில் சிவகாசிக்குக் கொண்டுபோனார்கள்.