நல்ல நேரத்து மூட்டை

எக்ஸலா, ஆப்பா என்று எங்கள் குடோனில் ஒரு மாதம் சண்டை நடந்தது. அந்த ஒரு மாதமும் என் தம்பி தமிழரசு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் மட்டும் என்ன இளைத்தவளா? அவனுக்குச் சோறு போடும்போது கரண்டியை டங்கென்று வைப்பேன்.

நாமக்கல்லில் சேந்தமங்கலம் ரோட்டில் இருக்கிறது எங்கள் குடோன். முட்டைக் கோழிப் பண்ணைகளுக்கு வேண்டிய தாது உப்பு, வைட்டமின் கலவை, மருந்து எல்லாவற்றையும் கம்பெனிகளிடம் எடுத்துச் சுற்றுவட்டாரத்துக்கு அனுப்புகிறோம். அப்பா ராசப்பன் ஆரம்பித்த தொழில். நான் படிப்பை முடித்து உள்ளே வந்ததிலிருந்து எது வந்தது, எது போனது என்பதெல்லாம் என் எக்ஸல் ஷீட்டில்தான். காலாவதி நெருங்கினால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. யாரும் சொல்லித் தரவில்லை. நானே முட்டி மோதிக் கட்டியது.

கோயமுத்தூரில் எம்பிஏ முடித்து வந்த தமிழரசுக்கு அது ஆகவே இல்லை.

"அக்கா, நீ காய்ச்சல்ல படுத்தா குடோனும் சேந்து படுத்துக்கும். யாரோ ஒரு வரிய அழிச்சுப்போட்டாக் கூடக் கண்டுபுடிக்க முடியாது. குடோனுக்குன்னே சாப்ட்வேர் இருக்குது. எந்த மூட்டை எந்த பேட்ச், எங்க போச்சுன்னு அதே சொல்லும்" என்றான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாசிதான் சுமை இறக்க வந்த ஆள் ஒருவன் கம்ப்யூட்டரில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போய், ஒரு பக்கத்தையே காலி செய்து வைத்திருந்தான்.

அப்பா பஞ்சாயத்துப் பண்ணினார். "ஆடி மாசத்துல புதுசா ஒண்ணையும் வாங்க வேண்டாம். அந்த ஆப்ப சும்மாதானே குடுக்கறாங்க, ரெண்டையும் ஓட்டிப் பாருங்க. ஆவணி பொறந்ததும் எது செரியா நிக்குதோ அத வச்சுக்கலாம். அதக் கொண்டாந்தவங்களே குடோனப் பாத்துக்கட்டும்." சொல்லிவிட்டு அதோடு நிறுத்தியிருக்கலாம். "எப்படியும் அம்மிணி கல்யாணமாயிப் போயிட்டா தம்பிதான பாக்கோணும்" என்று ஒரு வால் ஒட்டினார்.

அந்த வாலில்தான் விஷயமே இருந்தது. ஆப் ஜெயித்தால் குடோன் என் கையை விட்டுப் போகும். அப்புறம் நான் வீட்டில் உட்கார்ந்து ஜாதகம் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூட்டை வாசனையும் லாரிச் சத்தமும் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது.

ஆவணி பிறந்து முதல் சனிக்கிழமை. அப்பா வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்ட்வேர்காரர் சாயங்காலம் போன் செய்து எங்கள் முடிவைக் கேட்பதாக இருந்தது. அதற்கு முன்னாடி என் போன் அடித்தது. வைட்டமின் கலவை அனுப்புகிற கம்பெனியின் கால்நடை டாக்டர்.

"மேடம், வியாழக்கிழமை உங்களுக்கு அனுப்புன லோடு முழுக்க ஒரே பேட்ச். அதுல ஒரு மூட்டைகூட வெளிய போகக் கூடாது. ஃபேக்டரில தப்பு நடந்துபோச்சு. கறிக்கோழிக்குப் போடற மருந்து அதுல அளவுக்கு மேல விழுந்துருச்சு. முட்டைக் கோழி தின்னா கால் விழுந்துரும். அப்புறம் காப்பாத்தறது கஷ்டம்."

ஒரு மூட்டை என்றால் சின்ன விஷயம் இல்லை. எங்கள் பக்கம் பண்ணைக்காரர்கள் தீவனத்தைத் தாங்களே அரைத்துக் கலக்குவார்கள். டன் கணக்கான மக்காச்சோளத்துக்கும் புண்ணாக்குக்கும் நடுவில் இந்தக் கலவையைக் கிலோக் கணக்கில்தான் போடுவார்கள். ஒரே மூட்டை ஒரு ஷெட்டையே சாய்த்துவிடும்.

நான் என் ஷீட்டைத் திறந்தேன். தமிழரசு ஆப்பைத் திறந்தான். அறுபது மூட்டை வந்திருக்கிறது, அறுபதும் உள்ளேயே இருக்கிறது. இரண்டும் ஒரே பதிலைச் சொன்னது அன்றைக்குத்தான்.

"அப்பாடா" என்றான்.

"போய் எண்ணிப் பாத்துட்டு அப்பாடா சொல்லு" என்றேன்.

எண்ணினோம். ஐம்பத்தொன்பது.

மறுபடி எண்ணினோம். மூட்டைகள் குட்டி போடவில்லை.

"கம்பெனிக்காரன் ஒண்ணு கொறச்சு ஏத்தியிருப்பான்" என்றான் தமிழரசு.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எறக்கறப்ப நாந்தான்டா நின்னு எண்ணுனேன்."

"அப்ப உன் எண்ணிக்கை தப்பு."

அடித்திருப்பேன். அடிக்க நேரமில்லை. அந்த ஒன்று எங்கே? திருட்டுப் போகிற சரக்கா அது? வெளியே போயிருந்தால் பில்லில் இருக்க வேண்டும். பில்லில் எல்லாம் பழைய பேட்ச்தான் இருந்தது. முதலில் வந்ததை முதலில் அனுப்பு என்று ஆப் சொல்லும். உள்ளே கடைசி ரேக்கிலிருந்து பழைய மூட்டையாக எடுத்து ஏற்றுவார்கள்.

"பழைய பேட்ச எண்ணுடா" என்றேன்.

அதில் இருபத்தொன்று இருக்க வேண்டும். ஷீட்டிலும் ஆப்பிலும் இருபத்தொன்று என்றே இருந்தது. ரேக்கில் இருபத்திரண்டு.

பழையதில் ஒன்று கூடுதல், புதியதில் ஒன்று குறைவு. பழைய மூட்டை போக வேண்டிய இடத்துக்குப் புதிய மூட்டை போயிருக்கிறது. மொத்தக் கணக்கு அட்சரம் பிசகாமல் சரியாக நிற்கும். உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

நான் வாசலுக்கு ஓடினேன். "அப்பா, நேத்து வண்டில வச்ச மொத மூட்டைய எங்கிருந்து எடுத்தீங்க?"

அப்பா பேப்பரை இறக்கினார். "கதவோரத்துல இருந்துதான். எப்பவும் எடுக்கறதுதான சாமி."

எங்கள் குடோன் வழக்கம் அது. ராகு காலத்தில் வண்டியில் சரக்கு ஏற்றத் தொடங்க மாட்டோம். வெள்ளிக்கிழமையென்றால் பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். பில்லோ பதினொன்றுக்கு முன்னால் முடியாது. அதனால் பத்தரைக்குள் அப்பா தன் கையால் ஒரே ஒரு மூட்டையைத் தூக்கிக் குட்டியானை வண்டியின் உள்ளோரத்தில் வைத்துவிடுவார். நல்ல நேரத்தில் ஏற்றத் தொடங்கியாகிவிட்டது. மிச்சத்தை எப்போது ஏற்றினாலும் தோஷமில்லை. அந்த ஒரு மூட்டைக்காக யார் கடைசி ரேக் வரை போவது? கதவோரம் எது கிடக்கிறதோ அதுதான். முந்தின நாள் கதவோரம் கிடந்தது வியாழக்கிழமை வந்த லோடு.

அப்பாவின் முகம் வெளுத்துப் போனது. நான் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"யாருக்குப் போச்சோ?" என்றார்.

"மொதல்ல ஏறுனது கடைசிலதானுங்கப்பா எறங்கும்."

டிரைவர் மணிமாறனுக்குப் போன் போட்டேன். "ஆமாங்கக்கா, உள்ளாற ஓரத்துல இருந்தத கடைசியாத்தான் எறக்குனேன். சேந்தமங்கலத்துல சென்றாயண்ணன் பண்ணைலீங்க. சனிக்கெழம மத்தியானம் தீவனம் அரைக்கோணும்னு சொல்லிட்டிருந்தாருங்க" என்றான்.

மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. சென்றாயனுக்கு அடித்தேன். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அரவை மிஷின் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் விழாது.

"வண்டிய எடுடா" என்றேன்.

தமிழரசு பைக்கை முறுக்கினான். நான் பின்னால் உட்கார்ந்து போன் போட்டுக்கொண்டே வந்தேன். சென்றாயன் எடுக்கவில்லை. அவர் மனைவி சாலம்மாளும் எடுக்கவில்லை. ஒரே ஒரு ஷெட் வைத்திருப்பவர்கள் அவர்கள். குஞ்சிலிருந்து வளர்த்து, அந்த வாரம்தான் கோழிகள் முட்டை வைக்க ஆரம்பித்திருந்தன. போன தடவை குடோனுக்கு வந்தபோது முதல் முட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்துக் காட்டியவர் சென்றாயன்.

முன்னால் ஒரு லாரி வழிவிடாமல் அசைந்து அசைந்து போனது.

"ஓரமா ஏறுடா!"

"விழுந்து சாகறதுக்கா?"

"உன் ஆப்புல அந்த மூட்டை எங்கன்னு சொல்லச் சொல்லு பாப்போம்!"

"உன் எக்ஸல் சொல்லுச்சா?"

இரண்டு பேருமே கத்தினோம். கொல்லிமலை பெரிதாகிக்கொண்டே வந்தது. எனக்குக் குலசாமி பேரெல்லாம் வாய்க்கு வந்தது.

பண்ணைக்குள் நுழைந்தபோது மிஷின் சத்தம் கேட்கவில்லை. அது கேட்காததுதான் பயமாக இருந்தது. அரைத்து முடித்துவிட்டார்கள். பைக் நிற்பதற்குள் நான் குதித்தேன். ஷெட் வாசலில் தீவனத் தள்ளுவண்டி நின்றது. உள்ளே சாலம்மாள் சட்டியால் அள்ளி முதல் வரிசைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கோவ்! போடாதீங்க! நிறுத்துங்க!"

அத்தனை கோழிகளும் ஒரே சமயத்தில் கூச்சல் போட்டன. சாலம்மாள் சட்டியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் தொட்டியில் கையை விட்டு வழிக்க ஆரம்பித்தேன். கோழிகள் கூண்டுக்குள்ளிருந்து கையைக் கொத்தின. தமிழரசு சட்டையைக் கழற்றி, அதில் அள்ளிக் கொட்டினான். விஷயத்தைக் கேட்டதும் சென்றாயனும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார். கடைசித் துகள்வரை துடைத்து எடுத்தோம். டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். முதல் கூண்டில் இரண்டு வாய் தின்றதற்கு ஒன்றும் ஆகாது, நல்ல தண்ணீர் கொடுங்கள் என்றார்.

சென்றாயன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தக் காலி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மூட்டை எறக்குனாங்கம்மிணி. இது உங்கப்பாரு கையால நல்ல நேரத்துல வச்ச மூட்டைன்னு மணிமாறன் சொன்னானுங்க. மொத முட்டைக்கு வந்த கோழிங்களாச்சே, இதயே மொதல்ல பிரிக்கலாம்னு பிரிச்சேனுங்க."

வீணான தீவனம் முழுவதற்கும் எங்கள் செலவில் சரக்கு அனுப்புகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வரும்போது தமிழரசு பனியனோடுதான் பைக் ஓட்டினான். மெதுவாகத்தான் ஓட்டினான்.

"அக்கா, தப்பு என்னோடதுந்தான். மூட்டை வண்டில ஏறறப்பவே ஒண்ணொண்ணா ஸ்கேன் பண்ணோணும்னு சாப்ட்வேர்காரரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நான் பில்லப் போட்டுட்டு, ஸ்கேன் பண்ணுனதா ஒரு டிக் அடிச்சு உட்டுட்டேன். ஒழுங்காப் பண்ணியிருந்தா அந்த மூட்டைய வைக்கறப்பவே கத்தியிருக்கும்."

என் ஷீட்டில் அதற்கு வழியே கிடையாது என்று எனக்குத் தெரிந்தது. அதில் மூட்டைக்கு எண்ணிக்கை உண்டு, அடையாளம் கிடையாது. எத்தனை நிறம் அடித்தாலும் வராது.

குடோனில் அப்பா அதே நாற்காலியில் இருந்தார். சாப்பாட்டுக் கேரியர் திறக்காமல் பக்கத்தில் இருந்தது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப ரெண்டுல எது செரியா நின்னுது?" என்றார்.

தமிழரசு தரையைப் பார்த்தான். இரண்டுமே தோற்றது என்று நான் சொல்லியிருந்தால் போதும். அப்பா சாப்ட்வேர் வேண்டாம் என்றிருப்பார், எக்ஸலே ஓடியிருக்கும், குடோனும் என்னிடமே இருந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. சாலம்மாள் சட்டியோடு நின்றது கண்ணுக்குள்ளேயே நின்றது.

"ஆப்ப வாங்கிக்கலாங்கப்பா. இன்னிக்கு நடந்தது என் ஷீட்டுல இன்னொரு தடவ நடந்தாலும் புடிக்க முடியாது. அதுல முடியும். ஒவ்வொரு மூட்டையையும் ஸ்கேன் பண்ணித்தான் ஏத்தோணும். நீங்க வைக்கற மூட்டையையுந்தான்."

அப்பா தலையை ஆட்டினார். "செரி. அப்பச் சொன்னபடி தம்பியே பாத்துக்கட்டும்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "தோத்தது என் எக்ஸலுங்கப்பா. நான் தோக்கல. அந்த மூட்டை எங்க போச்சுன்னு ரெண்டு கம்ப்யூட்டருமே சொல்லல, நாந்தான் சொன்னேன். என்னிக்கோ வரப்போற மாப்பிள்ளைக்காக என்னய இன்னிக்கே எதுக்கு வெளிய அனுப்பறீங்க? எனக்கு இந்தக் குடோன் வேணும். வாயத் தொறந்து கேக்கறேன், எனக்கு வேணும்."

அப்பாவிடம் அப்படி நான் பேசியதே இல்லை. அழுகை வேறு வந்து தொலைத்தது.

அந்த நேரம் பார்த்துத் தமிழரசின் போன் அடித்தது. சாப்ட்வேர்காரர். தமிழரசு ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னங்க சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

"வாங்கிக்கறோமுங்க."

"சந்தோசமுங்க. அட்மின் யார் பேருல போடட்டும்? குடோனோட முழுப் பொறுப்பும் அவங்ககிட்டத்தான் இருக்கும்."

தமிழரசு என்னைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். "தனப்பிரியா" என்றான்.

அந்தப் பக்கம் தயங்கியது. "உங்க அக்காங்களா? இல்லீங்க, அட்மின் பேர அப்புறம் மாத்தறது கொஞ்சம் கஷ்டம். அவங்க கல்யாணம் கில்யாணம்னு போயிட்டாங்கன்னா… உங்கப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கங்களேன்."

அப்பா எழுந்து வந்தார். தமிழரசின் கையிலிருந்து போனை வாங்கிக் காதுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தால் காதில் வைக்க வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

"மாத்த வேண்டியதில்லீங்க" என்றார். "எம்புள்ள பேரே இருக்கட்டும்."