சுத்தியல் இல்லாத ஏலம்

நான் வக்கீலாகப் போகிற செய்தியைக் குருசுக்குப்பம் முழுக்கச் சொல்லியாயிற்று. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீனவர் சங்கத்தின் சார்பில் முப்பத்து நாலு வருடம் மீன் ஏலத்தை மேற்பார்த்து ஓய்வு பெற்ற மறுமாதமே சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். முதல் வாரமே கறுப்புக் கோட்டும் தைத்துக்கொண்டேன். அந்தக் கோட்டுக்குக் குறுக்கே நின்றது ஒரே ஒரு தாள், ஒப்பந்தச் சட்டம். இரண்டு தடவை போயிற்று. மூன்றாவதும் போனால் இறுதியாண்டுக்குள் கால் வைக்க முடியாது.

இரண்டாவது தடவை எழுதிய விடைத்தாளை ஆசிரியர் பிரேம்குமார் வரவழைத்துக் காட்டினார். அவருக்கு என் மகன் வயதுதான். ஏலக் கேள்விக்குப் போட்டிருந்த சுழிக்குள் ஒரு விசைப்படகைக் கட்டிவைக்கலாம்.

"பதினோரு பக்கம் எழுதியிருக்கீங்கம்மா. வஞ்சிரம் கெட்டுப்போனது, ஏலம் கேட்டவன் குடிச்சிருந்தது, அவனக் கடல்ல தள்ளுனது எல்லாம் இருக்கு. கேள்வியில மீனே இல்லியே. பழைய மேசை."

எனக்கு அந்த மேசையிலேயே மீன் வாடை அடித்தது. இந்த வயதில் எதற்கு இந்தச் சிரமம், வீட்டோடு இருக்கலாமே என்று மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். அந்த மரியாதைதான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. வீட்டுக்குப் போய் கோட்டுக்கு இன்னொரு தடவை இஸ்திரி போட்டேன்.

எனக்கு அடுத்த வருடம் சேர்ந்த பிள்ளைகளோடு மறுபடி அவர் வகுப்பில் உட்கார்ந்தேன். ஏலக் கேள்வி வந்தால் யோசிக்கவே வேண்டாம் என்றார். சுத்தியல் விழுந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டுமாம். விழவில்லை என்றால் விற்பனை முடியவில்லை, கேட்டவர் விலகலாம். அறுபது பேரும் குனிந்து எழுதினார்கள். நான் எழுந்தேன்.

"எங்க தேங்காய்த்திட்டுல சுத்தியலே கெடையாது சார். ஏலம் வுடுறவரு கூடையக் காலால தள்ளிவுட்டா முடிஞ்சிது. அப்ப இத்தினி வருசமா அங்க ஒரு மீன்கூட விக்கலியா?"

வகுப்பு சிரித்த சிரிப்பில் கலங்கரை விளக்கம் ஆடியிருக்கும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி இன்னொரு சுழி வாங்காதீர்கள் என்று உட்காரச் சொன்னார்.

அன்று மாலை கைடை மூடிவிட்டுச் சட்டத்தையே திறந்தேன். அதே தாளில் வரும் சரக்கு விற்பனைச் சட்டம், அறுபத்து நாலாம் பிரிவு. சுத்தியல் விழுவதன் மூலமோ, வேறு வழக்கமான முறையிலோ அறிவித்தால் விற்பனை முடிந்தது என்று இருந்தது. வகுப்பில் மனுஷர் அந்தப் பின்பாதி வாலை வெட்டிவிட்டு மீனை விற்றிருக்கிறார்.

பரீட்சையிலும் ஏலம் வந்தது. இந்தத் தடவை நாற்காலி. ஏலக்காரர் பத்து வருடமாக மணி அடித்தே விற்பனையை முடிப்பவர், மணியும் அடித்துவிட்டார். அதன் பிறகு கேட்டவர், சுத்தியல் தட்டவில்லையே என்று விலகுகிறார். சுத்தியல் என்ற சொல்லைக் கண்டதுமே சுற்றியிருந்த பேனாக்கள் பறந்தன. நான் பேனாவைத் தொடவில்லை. ஏலம் விடுபவரின் வாயை நம்பாமல் காலைப் பார்த்தே பழகியவள் நான். கேள்வியை மூன்று தடவை படித்து, மணியின் கீழே கோடு போட்டேன்.

பிரச்சினை என்ன என்று ஒரே வரி. அடுத்து பிரிவு, வாலோடு. அதற்கப்புறம் அந்த விலகுகிற ஆளுக்காக, பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் பக்கத்து நியாயத்தையும் எழுதினேன். பிறகு பத்து வருட மணியை எடுத்து அந்த நியாயத்தை உடைத்தேன். விற்பனை முடிந்தது, விலக முடியாது. வஞ்சிரம், சங்கரா, சுறா எல்லாம் விரல் நுனிவரை வந்து துள்ளின. ஒரு செதிலைக்கூடத் தாளில் விழ விடவில்லை. இரண்டே பக்கம். என் வாழ்க்கையிலேயே நான் இவ்வளவு குறைவாகப் பேசியது அன்றுதான்.

தேறினேன். ஏலக் கேள்விக்குப் பத்துக்கு ஒன்பது. அந்த ஒன்றை எதற்குக் குறைத்தார்கள் என்று மறுமதிப்பீட்டுக்கு எழுதிப்போட்டிருக்கிறேன்.

இறுதியாண்டின் முதல் நாள் கோட்டோடு வராந்தாவில் போனபோது, புதுப் பிள்ளைகளுக்குப் பிரேம்குமார் அதே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். சுத்தியல் விழுந்ததா என்று மட்டும் பாருங்கள் என்றவர், சன்னலில் என்னைப் பார்த்தார். நான் அங்கேயே நின்றேன். காலை மட்டும், கூடையைத் தள்ளுவது போல, லேசாக முன்னே நகர்த்தினேன்.

"இல்லன்னா, வேற வழக்கமான முறை," என்றார். "அதையும் எழுதிக்குங்க."