பக்கவாட்டில் தெரியாத தம்புசாமி

1928 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலிக்காரர்களின் லய வீடுகளுக்குப் பின்னால் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், இராஜம்மா டீச்சர் சொல்லிக்கொண்டிருந்த கதையிலிருந்து தம்புசாமி என்ற கஞ்சன் குடையோடு இறங்கி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். நேரே பார்த்தால் முழு ஆள். பக்கவாட்டில் பார்த்தால் ஆளே இல்லை. அப்பளம்கூட அவனைவிடக் கனம். ஊரில் ஒரு கஞ்சன் இருந்தான் என்பதற்கு மேல் டீச்சர் அவனைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் கதைகளில் நல்லவன் நல்லவனாகவே இருப்பான், கெட்டவன் கெட்டவனாகவே இருப்பான். பிள்ளைகள் அலுத்துப்போய் இஞ்சின் பட்டறையை வேடிக்கை பார்க்க ஓடிவிடுவார்கள். அன்று மிஞ்சியது ஒன்பது பேர். மாதக் கடைசியில் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வரும்போது இருபது பேர் இல்லையென்றால் பள்ளிக்குப் பூட்டு. டீச்சருக்குத் தூக்கம் போய்ப் பல நாளாகியிருந்தது.

வெளியே மழை. ஜவுளிக்கடை கௌஸின் மகள் மைமூன் எழுந்து போய், "அண்ணே, டீச்சருக்கு உங்க குடையைக் குடுங்க" என்றாள்.

"மாட்டேன்."

"ரயில்வே கேட் வரைக்கும்?"

"மாட்டேன்னா மாட்டேன்."

மைமூன் அப்பா கடையில் வாங்க வருபவர்களிடம் பார்த்த வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் மூன்று அடி நடந்தாள்.

"ஏ புள்ள, நில்லு! பாதி வழி வரைக்கும்னா பார்க்கலாம்."

சொன்ன நொடியே அவனுக்கு விரல் கனத்துக்கு உடம்பு வந்தது.

செய்தி பாசார் சந்தை வரை போனது. பிள்ளைகள் திரும்பி வந்து அவனோடு பேரம் பேசினார்கள். அவன் வயதைக் குறைத்துச் சொல்வதும், இடிக்குப் பயப்படுவதும், அப்பாவின் கடை தீயில் போன நாளிலிருந்து எதையும் கைவிட மனம் வராததும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம் பருத்தான். டீச்சர் கதை சொல்வதை விட்டுக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டார்.

ரயில் கார்டு மகன் வாசுவுக்குத்தான் பொறுமையில்லை. 'தம்புசாமி திருந்தி மிக நல்லவனானான்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டான். தம்புசாமி எல்லோருக்கும் கைகூப்பினான், காகிதமானான், ஜன்னல் வழியாகப் பறந்து சிக்னல் கம்பத்தில் போய் ஒட்டிக்கொண்டான்.

"கேட்டவுடனே குடுத்தா அது யாவாரமாடா, மடையா?" என்றாள் மைமூன். வரியை அழித்ததும் பழைய கனம் வந்தது; மூங்கிலால் இறக்கினார்கள்.

துரை வந்த அன்று பார்த்து இருபதாவது பையன் பழனியப்பனுக்கு அம்மை. பத்தொன்பது பேர். துரை பேனாவைத் திறந்தார்.

"தம்புசாமி, உங்க பேரைக் குடுங்க" என்றார் டீச்சர்.

"சேர்ந்தால் ஒரு வருஷம் தவறாமல் வரவேண்டும்" என்றார் தமிழ் தெரிந்த துரை.

"ஒரு வருஷமா? ஆறு மாசம்."

பத்தொன்பது பிள்ளைகளும் எழுந்து வாசலை நோக்கி நடந்தார்கள். ஒரு அடி. இரண்டு அடி. மூன்றாவது அடியில் டீச்சரும் சேர்ந்துகொண்டார்.

"அட, வாங்கம்மா! எழுதிக்குங்க, ஒரு வருஷம்!"

துரை எழுந்து போய் அவனைப் பக்கவாட்டில் பார்த்தார். நல்ல தொப்பை இருந்தது. இருபது என்று எழுதினார்.

தம்புசாமி படித்து முடித்து அதே தெருவில் குடைக்கடை போட்டான், கல்யாணம் செய்துகொண்டான். அவன் பிள்ளைகள் நான்கு பேரும் எல்லாப் பக்கமும் கனத்தோடு பிறந்து அதே பள்ளியில் படித்தார்கள். குடை வாங்க வந்தவர்கள் மூன்று அடி நடந்தால் போதும், கூப்பிட்டுவிடுவான். டீச்சர் மட்டும் இரண்டு அடி நடந்தால் போதும்.