டிசம்பர் வரை விபத்து இல்லை

சர்புதீன் கணக்கு எழுதிய ஜவ்வரிசி மில்லில் வருடம் முழுக்க யாருக்கும் அடிபடாது. ஜனவரியிலேயே அவர் அப்படி எழுதி முடித்துவிடுவார். விபத்துப் பதிவேட்டில் எல்லா மாதத்துக்கும் ‘இல்லை’ என்று வரிசையாகப் போட்டு, ஒரே மூச்சில் எழுதியது தெரியக் கூடாதென்று நடுநடுவே பேனாவை மாற்றுவார். ஆய்வு அதிகாரி எட்டிப் பார்ப்பது வருடக் கடைசியில்தான். அதுவும் டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட. ஒருமுறை அவரே பதிவேடு பளிச்சென்று இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதில் சர்புதீனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. விரல் நசுங்கியவனுக்கு முதலாளி கையில் ஏதோ கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார். கச்சிராயபாளையம் சாலையில் அந்த மில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

1987 செப்டம்பரில் வன்னியர்கள் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலையை மறித்தார்கள். வெட்டிய புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. மறியலுக்கு முன்பே வந்து இறங்கிய மரவள்ளிக்கிழங்கு மில் களத்தில் மலையாகக் கிடந்தது. சீக்கிரம் அரைக்காவிட்டால் கிழங்கு உள்ளே கறுத்துவிடும். முதலாளி அரங்கநாதனுக்கு வயிறு எரிந்தது. பாதிப் பேர் வேலைக்கு வராத நேரத்தில், வந்தவர்களை விரட்டி விரட்டி அரைக்கச் சொன்னார். கிழங்கு சிக்கினாலும் மிஷினை நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. கை உள்ளே போகாமல் தடுக்கும் தகர மூடியையும் கழற்றி ஓரமாகப் போட்டார்கள்.

சின்னக்கண்ணு கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்தவன். மனைவி தங்கமணியோடு மில் கொட்டகையிலேயே குடியிருந்தான். சிக்கிய கிழங்கைத் தள்ளப் போனவனின் வலது கையை மிஷின் முழங்கை வரைக்கும் இழுத்துக்கொண்டது.

மாட்டுவண்டியில் ஏற்றும்போதே அரங்கநாதன் சர்புதீனைத் தனியே இழுத்தார்.

“பாய், மில்லுன்னு வாயத் தொறந்துடாதீங்க. மறியல்ல மரம் வெட்டறப்போ மேல வுழுந்துடுச்சுன்னு சொல்லுங்க. ஆபீசர் வந்தா இன்னாத்தக் காட்டுவீங்க? டிசம்பர் வரிக்கும் எழுதி வெச்சிகினு இருக்கறது யாரு கையெழுத்து?”

சர்புதீன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். வழியில் மறியல்காரர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து மரத்தைப் புரட்டி வழிவிட்டார்கள். ஒருவன் தன் துண்டை அவிழ்த்துக் காயத்துக்குக் கொடுத்தான். அந்தத் துண்டை அழுத்திப் பிடித்தபடியே போய், ஆஸ்பத்திரியில் சர்புதீன் முதலாளி சொன்னதை அப்படியே ஒப்பித்தார். டாக்டர் கையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். சின்னக்கண்ணு நினைவில்லாமல் கிடந்தான். அவன் கண் விழித்தபோது கை இல்லை.

மரம் வெட்டியவர்களைத் தேடி அலைந்த போலீசுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டிலேயே ஆள் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்த இடது கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்து விலங்கு மாட்டினார்கள். அவன் பழங்குடி, அந்தப் போராட்டத்தோடு அவனுக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதை யார் காதில் வாங்கினார்கள்?

தங்கமணி மில்லுக்கு ஓடி வந்தாள்.

“பாய், நீங்கதான கூடப் போனீங்க? ஸ்டேசனுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. ஜெயிலுக்கு அனுப்பப் போறாங்களாம். இந்தப் புண்ணோட அனுப்புனா செத்துப்பூடுவாருங்க.”

சர்புதீனை வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலை போனால் போகிறது என்று பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளோடு கிளம்பினார். வராத மாதத்துக்கும் எழுதியிருப்பதைக் காட்டினால், இது பொய்ப் பதிவேடு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். அவர் போட்ட கணக்கு அது.

காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் முன்னால் பதிவேட்டை விரித்தார்.

“ஐயா, அவன் கை போனது மில்லுலங்க. இது பூரா பொய்ங்க. நான்தான் எழுதனேன். பாருங்க, டிசம்பர் வரிக்கும் இல்லன்னு போட்டிருக்கேன். ஆஸ்பத்திரில சொன்னதும் பொய்ங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் பக்கங்களைப் புரட்டினார். அவசரமே படவில்லை.

“ஒங்க மொதலாளி காலைலயே வந்து எழுதிக் குடுத்துட்டாரு, அன்னிக்கு அவன் வேலைக்கே வரலன்னு.”

“அதுவும் பொய்ங்க ஐயா.”

“ஜனவரில பொய் எழுதியிருக்க. ஆஸ்பத்திரில பொய் சொல்லியிருக்க. இன்னிக்கு மட்டும் நெசம் பேசறியா? ஒன்னக் கோர்ட்டுல நிறுத்துனா மொதக் கேள்விலயே சிரிப்பாங்கய்யா.” பதிவேட்டை மூடி அவர் பக்கமாகத் தள்ளினார். “எடுத்துகினு போ. அழகா எழுதியிருக்க.”

தங்கமணி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“சொல்லிட்டீங்களா பாய்?”

“சொல்லிட்டேம்மா.”

“அப்போ அவுர வுட்டுடுவாங்களா?”

வருடக்கணக்காக ‘இல்லை’ என்று எழுதிப் பழகிய மனிதருக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.