இன்ஸ்பெக்டரின் பக்தி

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஸ்ரீகண்டன் லஞ்சக்காரராக இருந்திருந்தால் சுசீலாபாய்க்கு இவ்வளவு தலைவலி இருந்திருக்காது. வாயாரத் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். மனுஷன் தங்கமானவர். அதுதான் வினையாகப் போயிற்று.

திருவனந்தபுரத்தின் தெற்கு ஓரத்தில், சர்ச்சுக்கு எதிரே ஒரு மூன்று மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் அங்கே சித்தாள் வேலை பார்த்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் மணல் குவியலிலும் சுண்ணாம்புக் குழி ஓரத்திலும் கிடந்தன. சர்ச்சோ ஞாயிறு தவிர ஆறு நாளும் பூட்டிக் கிடந்தது. பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சுசீலாபாய், பகலில் பிள்ளைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளப் போதகரிடம் சம்மதம் வாங்கினாள். பஞ்சாயத்து அனுமதிதான் பாக்கி. அதற்கு ஸ்ரீகண்டன் பார்த்து எழுதித் தர வேண்டும்.

வந்தார். கையெடுத்துக் கும்பிட்டார். கக்கூஸ் எங்கே என்று கேட்டார். மதிலுக்குள்ளேயே ஒன்று கட்டிவிடுகிறோம் என்றாள். அவர் முகம் சுருங்கிப்போயிற்று.

"டீச்சரே, இது தெய்வம் இருக்கிற ஸ்தலமல்லே? இங்கே கக்கூஸ் கெட்டலாம்னு என் கையால எங்ஙனெ எழுதும்? பாவமாக்கும்."

எங்கள் தெய்வத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். போதகரும் சொன்னார். இன்ஸ்பெக்டர் மசியவில்லை. கக்கூஸ் இல்லாமல் பிள்ளைகளை வைக்கச் சட்டம் இடம் தராது. கக்கூஸ் கட்ட அவர் மனசு இடம் தராது. 'ஆராதனை ஸ்தலம், பரிசீலிக்கவும்' என்று எழுதி அனுப்பினார். அபிப்பிராயம் தெளிவாக இல்லையென்று ஆபீஸிலிருந்து அவருக்கே ஃபைல் திரும்பியது. மறுபடி வந்தார், மறுபடி கும்பிட்டார். மூன்றாவது தடவை அந்தக் கூப்பிய கையில் ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது அவளுக்கு.

சித்தாள் பேச்சி சாயங்காலந்தோறும் இரண்டு வயது மகள் இசக்கியை இடுக்கிக்கொண்டு வந்து விசாரிப்பாள். வருகிற திங்கட்கிழமை என்று சொல்லிச் சொல்லிச் சுசீலாபாய்க்கே வாய் கூசியது.

ஒரு புதன்கிழமை பேச்சி மத்தியானமே வந்தாள். இடுப்பில் பிள்ளை இல்லை. சுண்ணாம்பு தெறித்து இசக்கியின் கண்ணில் விழுந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் தகப்பன் கூட இருக்கிறானாம். அவள் அழக்கூட இல்லை.

"பேப்பரு வந்துட்டுதா டீச்சரம்மா? மத்த பிள்ளையளையாவது உள்ள விடலாம்லா?"

சுசீலாபாய்க்கு அவமானம் பிடுங்கித் தின்றது. சாவியை எடுத்துக்கொண்டு போய்ச் சர்ச்சைத் திறந்தாள். எதிரே போய்ப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்தாள்.

மறுநாள் காலையில் ஸ்ரீகண்டன் நோட்டீஸோடு வந்தார். யாரோ பெட்டிஷன் போட்டிருந்தார்கள். அனுமதி இல்லாமல் எத்தனை பிள்ளைகள் என்று எழுத வேண்டுமாம். உள்ளே எட்டிப் பார்த்துப் பதினொன்று என்றார்.

"பன்னெண்டுன்னு எழுதுங்க. நீங்க பாவத்துக்குப் பயந்துக்கிட்டு நின்னதுல ஒரு பிள்ளை கண்ணு வெந்து ஆஸ்பத்திரியில கிடக்கு."

அவர் கண் கலங்கிவிட்டது. பிள்ளையின் பேரும் நட்சத்திரமும் சொன்னால் இன்றைக்கே கோயிலில் வழிபாடு நடத்துவதாகச் சொன்னார். அவள் பேனாவை எடுத்து அவர் விரல்களுக்குள் திணித்தாள்.

"கோயிலுக்குப் பொறவு போங்க. கக்கூஸ் கட்டலாம்னு முதல்ல எழுதுங்க."

ஸ்ரீகண்டன் எழுதினார். இசக்கியின் இடது கண் தேறாது என்று டாக்டர் கைவிரித்த அன்றைக்கு அனுமதி வந்து சேர்ந்தது. அவர் அந்த ஒரு வரியை எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்பதை நினைக்க நினைக்கச் சுசீலாபாய்க்கு வயிறு எரிந்தது.