பேனரைத் துவைத்த ஸுலைகா

பேனரைத் துவைக்கக் கூடாது என்று ஸுலைகாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒளித்து வை என்றார்கள், வைத்தாள். வாயைத் திறக்காதே என்றார்கள், அதையும் மிகுந்த சிரமத்தோடு செய்தாள். துவைப்பதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பாப் ஸீத் பேட்டையின் கால்பந்து ரசிகர் மன்றத்தில் ஒருவன்கூடப் பிறந்ததிலிருந்து தன் பனியனைத் தானே துவைத்தவன் இல்லை. அழுக்குத் துணியைக் கண்டால் ஸுலைகாவுக்குக் கை சும்மா இருக்காது என்பது அவர்களுக்கு எப்படித் தோன்றும்?

அல்ஜீர்ஸில் கால்பந்து மைதானக் காலரிக்குப் போகிற பையன்கள் நாட்டுச் சட்டம் எதையும் மதிப்பதில்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்கமாட்டார்கள், போலீஸ்காரனைப் பார்த்தால் தம்பி என்று கூப்பிடுவார்கள். ஆனால் பேனர் சட்டம் என்றால் கைகட்டி நிற்பார்கள். ஒரு மன்றத்தின் பேனர் எதிரி மன்றத்தின் கையில் சிக்கிவிட்டால், அவர்கள் அதைத் தங்கள் காலரியில் தலைகீழாகத் தொங்கவிட்டு எரிப்பார்கள். பறிகொடுத்த மன்றம் அன்றோடு கலைந்துவிட வேண்டும். மேல்முறையீடு கிடையாது. வேறு பெயரில் திரும்பி வருவதும் கிடையாது.

பாப் ஸீத் மன்றத்துக்குத் தலைவன் ஸுலைகாவின் மகன் ரெதுவான். முப்பத்திரண்டு வயது, செல்போன் பழுது பார்க்கும் கடையில் அரைநாள் வேலை, கல்யாணப் பேச்சை எடுத்தால் இந்த சீசன் முடியட்டும் என்பான். பேனரை எந்தப் பையன் வீட்டில் வைத்தாலும் போலீஸ் தேடி வரும், எதிரி ஒற்றன் மோப்பம் பிடிப்பான். ஸுலைகாவோ ஊரறிந்த கால்பந்து விரோதி. புருஷன் இருந்த காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் ஜன்னலில் நின்று கிளப்பையும், கிளப் தலைவரையும், பந்தைக் கண்டுபிடித்தவனையும் சேர்த்துத் திட்டியவள். அவள் வீட்டில் இருக்குமென்று ஷைத்தானுக்கும் சந்தேகம் வராது. ஆகவே பேனர் அவளுடைய சோபாவுக்குள் போனது. அதன் மேலேயே உட்கார்ந்து அவள் காபி குடித்தாள், அதன் மேலேயே உட்கார்ந்து கால்பந்தைத் திட்டினாள்.

அப்புறம் பாப் ஸீத்தே போய்விட்டது. கட்டடங்கள் விரிசல் விட்டிருக்கின்றன என்று கதவுக்குக் கதவு சிவப்புக் குறி போட்டார்கள். லாரிகள் வந்தன. ஊருக்கு வெளியே, கடல் வாடையே எட்டாத பொட்டலில் புதுக் குடியிருப்பு. அங்கே போய் இறங்கிய பிறகுதான் ஒதுக்கீடு செய்த அதிகாரியின் நகைச்சுவை உணர்வு எல்லோருக்கும் புரிந்தது. பாதி வீடுகள் பாப் ஸீத்காரர்களுக்கு, மீதிப் பாதி பரம எதிரிகளான வாத் ரஹாகாரர்களுக்கு. ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து அவர்களையும் அங்கேதான் கொட்டியிருந்தார்கள். நாற்பது வருஷமாக மைதானத்தில் மட்டும் அடித்துக்கொண்டவர்கள் இப்போது ஒரே மாடிப்படியில் குப்பை வாளியோடு எதிரெதிரே வந்தார்கள்.

முதல் மாதம் கல், கத்தி எல்லாம் பறந்தது. இமாம் வந்து பேசி ஒருவழியாக அமைதி உண்டானது. அமைதி என்றால், யாரும் யாரையும் பார்க்காமல் நடப்பது. நான்காம் மாடியில் ஸுலைகா. நேர் கீழே மூன்றாம் மாடியில் பஹியா என்கிற வாத் ரஹா விதவை. பஹியாவின் மகன் அனீஸ்தான் வாத் ரஹா காலரியில் ஒலிபெருக்கி பிடிப்பவன், அந்த மன்றத்துக்கு அவன்தான் எல்லாம். தன் சோபாவுக்கு அடியில் யார் குடியிருக்கிறான் என்று தெரிந்த அன்று ரெதுவான் வாசல் கதவுக்கு இரண்டாவது பூட்டு வாங்கி வந்தான். ஸுலைகாவும் பஹியாவும் ஒரு வருஷமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டியதைத் தண்ணீர்க் குழாயைப் பார்த்துச் சத்தமாகப் பேசிவிடுவார்கள், அது மேலேயும் கீழேயும் போய்ச் சேர்ந்துவிடும்.

பேனரில் ஆள் உயர எழுத்தில், சொல்லுக்குக் கீழ் சொல்லாக, ‘மீன்காரன் படிக்கட்டு, பாப் ஸீத்’ என்று எழுதியிருந்தது. அதுதான் அவர்கள் தெருவின் பெயர். இப்போது அந்தத் தெரு இருந்த இடத்தில் தகர வேலி; வேலியில், வரப்போகும் ஹோட்டலின் படமும் அதில் நீந்தும் வெள்ளைக்காரியும். தெருப் பலகையை நகராட்சி கழற்றிக்கொண்டு போய்விட்டது. “இந்த ஊர்ல நம்ம தெருப் பேரு இருக்கிற ஒரே இடம் இந்தத் துணிதாம்மா,” என்று ரெதுவான் அடிக்கடி சொல்வான். பேரை வைத்துக் கஞ்சி காய்ச்ச முடியுமா என்று அவள் கேட்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை பாப் ஸீத்துக்கு வஹ்ரானில் ஆட்டம். விடிந்ததும் ரெதுவானும் மற்றவர்களும் பஸ் ஏறிவிட்டார்கள். வெளியூருக்குப் பேனர் போகாது, வழியில் பறிபோய்விடும் என்ற பயம். ஸுலைகா வீட்டைப் பெருக்கினாள். புது வீட்டுச் சுவர் எப்போதும் ஈரம் கசியும், அந்த ஈரம் சோபாவுக்குள்ளும் இறங்கியிருந்தது. சோபாவைத் திறந்தாள். வாணப் புகை, கொட்டிய காபி, நூறு ஆண்பிள்ளைகளின் வியர்வை, இப்போது அதன் மேல் பூஞ்சை. போன வாரம் பெண் பார்க்கும் விஷயமாகப் பேச வந்த அம்மாள் ஏன் அத்தனை சீக்கிரம் எழுந்து போனாள் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

குளியல் தொட்டியில் போட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஏறி மிதித்தாள். மூன்று தண்ணீர் மாற்றியும் கறுப்பாகவே வந்தது. ஆனாலும் அவள் முட்டாள் இல்லை. காயப்போடும்போது எழுத்து உட்பக்கம் இருக்கும்படி, வெறும் முதுகு வெளியே தெரியும்படி, பால்கனிக் கம்பியிலிருந்து தொங்கவிட்டாள். வெளியே பார்க்கிறவனுக்குப் பெரிய படுக்கை விரிப்பு, அவ்வளவுதான். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு கஸ்ரா ரொட்டிக்கு மாவு பிசைய உள்ளே போனாள்.

ஈரத் துணியில் வெயில் பட்டால் பெயின்ட் ஊடே தெரியும் என்பதை அவள் யோசிக்கவில்லை. எழுத்து இடம் வலமாக மாறித் தெரிந்தது. வாத் ரஹா பையன்கள் பள்ளிக்கூடத்தில் நேரான எழுத்தையே படிக்காமல் தப்பித்தவர்கள், இந்தத் திரும்பிய எழுத்தை மட்டும் எதிர் பிளாக்கிலிருந்து ஒரே பார்வையில் படித்துவிட்டார்கள். டீக்கடையிலிருந்து அனீஸ் செருப்பில்லாமல் ஓடி வந்தான். பேனரின் கீழ் நுனி அவன் வீட்டுப் பால்கனிக்குள்ளேயே தானாக வந்து ஆடிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாகத் தேடியது வீடு தேடி வந்திருக்கிறது. அவன் இழுத்தான்.

மாவுக் கையோடு ஸுலைகா பாய்ந்து வந்து மேல் நுனியைப் பிடித்தாள். இவள் மேலே, அவன் கீழே. பிடி நழுவாமலிருக்க அவள் ஒரு கையைக் கம்பியில் கோத்துக்கொண்டாள். துணி ஓரத்தில் கிழியும் சத்தம் கேட்டது. கிழிந்தால் என்ன மிஞ்சும்? ‘மீன்காரன்’ இவளிடமும் ‘படிக்கட்டு’ அவனிடமும். அவள் விட்டுவிட்டாள்.

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். பஹியாதான் கதவைத் திறந்தாள். கூடத்தில் அனீஸும் நான்கைந்து பையன்களும் ஈரப் பேனரைச் சுற்றி மையித்து கிடத்திய சாவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்கள். அத்தனை சுலபத்தில் கிடைத்ததே அவர்களுக்குப் பெரிய சங்கடம். சண்டை போட்டுப் பறிக்காமல், காயப்போட்ட இடத்திலிருந்து எடுத்தது சட்டப்படி செல்லுமா என்று ஒருவன் கேட்டான். துவைத்த பேனர் பேனர்தானா என்று இன்னொருவனுக்குச் சந்தேகம். பஹியா அதற்குள் மகனைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வாத் ரஹாவும் வேண்டாம், பாப் ஸீத்தும் வேண்டாம். பிள்ளையைப் பெற்றது அடுத்த வீட்டில் காயப்போட்ட துணியைத் திருடவா என்பதுதான் அவள் கேள்வி.

அனீஸ் தலையைச் சொறிந்தான். அம்மா இருக்கும்போது எரிக்க முடியாது, சும்மா கொடுத்தால் மானம் போகும். கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது, ஸுலைகாவைக் காலா, அதாவது சித்தி, என்று மரியாதையாகக் கூப்பிட்டான்.

“காலா, எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு. மேல உங்க பால்கனியில நின்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி, பாப் ஸீத்துக்கு அப்பன் வாத் ரஹான்னு ஒரே ஒரு தடவை சொல்லிருங்க. நாங்க போன்ல புடிச்சுக்குவோம். அவ்வளவுதான்.”

“இவ்வளவுதானா? இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? இதுக்கு மேலயெல்லாம் அந்தக் கிளப்பைப் பத்தி நான் சொல்லியிருக்கேன்டா.”

உண்மையும் அதுதான். அவளுக்கு இதில் என்ன நஷ்டம்? நாலைந்து வார்த்தை. சொன்னால் பேனர் வந்துவிடும், மகன் திரும்பி வரும்போது அது சோபாவுக்குள் மணக்க மணக்கப் படுத்திருக்கும். சொல்லாவிட்டால் அவன் மன்றம் கலையும். வேலை இல்லை, பெண்டாட்டி இல்லை, தெருவும் இல்லாதவனுக்கு இருந்த ஒன்றையும் பெற்றவளே சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடுத்தாள் என்றாகும். மாடிப்படி ஏறும்போதே வார்த்தைகளை வாயில் உருட்டிப் பார்த்துக்கொண்டாள்.

பால்கனிக்கு வந்தாள். விஷயம் பரவி இரண்டு பிளாக்கிலும் ஒரு பால்கனி பாக்கியில்லாமல் தலைகள். வாத் ரஹா வீடுகளில் போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாப் ஸீத் பெண்கள் பார்க்காததுபோல் துணி மடித்தார்கள், ஆனால் ஒரே துணியையே மறுபடி மறுபடி மடித்தார்கள். கீழே தரையில் நின்று அனீஸ் கையசைத்தான்.

ஸுலைகா வாயைத் திறந்தாள். பாப் ஸீத் என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. இருமிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். பாப் ஸீத். நாக்கு அங்கேயே நின்றுகொண்டது. இதென்ன வம்பு என்று அவளுக்கே கோபம் வந்தது. முப்பது வருஷம் திட்டிய கிளப்புக்காகவா இந்த நாக்கு அடம்பிடிக்கிறது? மூன்றாவது தடவை மூச்சை இழுத்துப் பலம் கொண்டமட்டும் கத்தினாள். வெளியே வந்தது அனீஸ் சொல்லிக் கொடுத்தது அல்ல, பாட்டு.

பாப் ஸீத் காலரிப் பாட்டு. வெள்ளிக்கிழமைதோறும் அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று பாடி அவள் தூக்கத்தைக் கெடுத்தார்களே, அது. திட்டித் திட்டியே முழுசாக மனப்பாடம் ஆகியிருக்கிறது என்று இந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியாது. ஏதோ பழைய கல்யாணப் பாட்டின் மெட்டைத் திருடிப் போட்டது. முதலில் தெருவின் இடங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடும். மீன்காரன் படிக்கட்டே எழுந்து வா, குருட்டு ஹமாம் குளியல்கூடமே எழுந்து வா, ஸாலிஹ் சவரக்கடைத் திருப்பமே எழுந்து வா. எதுவும் எழுந்து வராது என்று தெரிந்தும் கூப்பிட்டாள். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, துடைக்காமலே பாடினாள். லாரி ஏறிய அன்று அழவில்லை, வேலியைப் பார்த்த அன்றும் அழவில்லை. அதெல்லாம் இப்போது வந்தது.

பாட்டு அத்தோடு நின்றிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். அடுத்த பகுதி வாத் ரஹா கோல்கீப்பரையும், அவனைப் பெற்றவளையும், ஆற்றில் மிதக்கும் சாமான்களையும் பற்றியது. அதை இங்கே எழுத முடியாது, எழுதினால் பக்கத்தைக் கழுவ வேண்டியிருக்கும். ஸுலைகா ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. ரம்ஜானில் ஒரு நோன்பு விடாத, ஐந்து வேளையும் தொழுகிற ஸுலைகா. துணி மடித்துக்கொண்டிருந்த பாப் ஸீத் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஆறாம் மாடியில் ஒருத்தி சேர்ந்துகொண்டாள். பக்கத்து பிளாக்கில் இன்னொருத்தி. யாருக்கும் வரி மறந்திருக்கவில்லை.

கீழே மூன்றாம் மாடியில் பஹியா பால்கனிக்கு வந்தாள். சத்தம் போடாதே என்று சொல்லத்தான் வந்தாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து அண்ணாந்து பார்த்தாள். கோல்கீப்பரின் அம்மாவைப் பற்றிய வரி முடிந்ததும் அவள் ஆரம்பித்தாள். வாத் ரஹா பாட்டு. மெட்டு அதே கல்யாண மெட்டுதான், இரண்டு மன்றமும் ஒரே இடத்தில் திருடியிருந்தன. ஆற்றுப்பாலமே எழுந்து வா, தோல்பட்டறையே எழுந்து வா என்று அவளும் கூப்பிட்டாள். அவள் குரலும் உடைந்தது. பிறகு பாப் ஸீத் ஆண்களுக்கு என்னென்ன இல்லை என்று வாத் ரஹா பாட்டு ஒரு கணக்குச் சொல்லுமே, அதை உறுப்பு உறுப்பாகச் சொன்னாள். கை சைகையும் சேர்த்தாள். வாத் ரஹா பால்கனிகளில் பெண்கள் குலவை போட்டார்கள்.

படம் பிடித்துக்கொண்டிருந்த போன்கள் ஒவ்வொன்றாக இறங்கின. எந்த மகனுக்கும் தன் தாயின் வாயில் அந்த வார்த்தைகளைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள மனம் வராது. அனீஸ் கீழேயிருந்து அம்மா, அம்மா என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தான். ஒலிபெருக்கி பிடிக்கிறவனின் குரல் எடுபடவில்லை. இமாம் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் நான்காம் மாடிக் கதவு தட்டப்பட்டது. ஸுலைகா முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தாள். அனீஸ் நின்றான். பேனரை நன்றாக மடித்து இரண்டு கையிலும் ஏந்தியிருந்தான். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவேயில்லை.

“இந்தாங்க காலா. நாங்க எடுக்கவும் இல்ல, நீங்க காயப்போடவும் இல்ல. ரெதுவான்கிட்டயும் அப்படியே சொல்லிருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன், எங்க அம்மாவை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. நீங்க நிறுத்தினா அவங்களும் நிறுத்திருவாங்க.”

ஸுலைகா பேனரை வாங்கிக்கொண்டாள். ஓரத்தில் ஒரு சாண் கிழிசல், மற்றபடி எல்லா எழுத்தும் இருந்தது. அதைச் சோபாவின் மேல் வைத்தாள். கீழேயிருந்து பஹியாவின் குரல் ஏறி வந்துகொண்டிருந்தது, ஒரு பதிலும் கிடைக்காமல்.

“அது எப்படிடா நிறுத்துறது,” என்றாள் ஸுலைகா. “அவ தனியா பாடிட்டிருக்கா பாரு.”

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு திரும்பப் பால்கனிக்குப் போனாள்.